எல்லாமே மூலம் இல்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையைப் பதிவு செய்ய வந்தபோது நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "டாக்டர், காலை நேரம். ஜனங்க இட்லி சாப்பிட்டுக்கிட்டே கேப்பாங்க. மலம்ங்கிற வார்த்தையக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" முயற்சி செய்கிறேன் என்றேன். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைப் பற்றிப் பேசக் கூப்பிட்டுவிட்டு அப்படிச் சொல்வது, சமையலைப் பற்றிப் பேசு, உப்பை மட்டும் சொல்லாதே என்பது மாதிரிதான். ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வருகிற நோயாளிகளும் இதே கூச்சத்தோடுதான் மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு வருகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். வயது 47. எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. "எஞ்சின் பக்கத்துலயே உக்காந்து ஓட்டுற வேலை சார், சூடு புடிச்சிருக்கு" என்றார். அவராகவே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்: மூலச்சூடு. முதலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை, சின்ன வெங்காயம் எல்லாம் ஆயிற்று. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டார். பிறகு சுவரொட்டி பார்த்து, ஆபரேஷன் இல்லாமலே குணப்படுத்துவதாகச் சொன்ன ஓர் இடத்தில் பணம் கட்டினார். நம் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

இந்த எட்டு மாதத்தில் ஒருவர்கூட அவருக்குக் கையுறை போட்டு விரலை விட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரல் நுனியில், சொரசொரவென்று, கல் போல ஒரு கட்டி தட்டியது. மலக்குடலின் நீளம் சுமார் 15 செ.மீ. அதில் கீழ்ப்பாதியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் விரலுக்கு எட்டிவிடும். செலவில்லாத சோதனை. எந்த இயந்திரமும் வேண்டாம். நோயாளிக்கும் கூச்சம், மருத்துவருக்கும் கூச்சம் என்று அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மூலம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், மூலம் இருப்பவருக்கே மேலே கட்டியும் இருக்கலாம். இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து இது அதுதான் என்று நோயாளியும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். சிவப்பாகச் சொட்டினால் மூலம், கறுப்பாக இருந்தால் வேறு என்று திண்ணைக் கணக்குச் சொல்வார்கள். மலக்குடல் கட்டியும் சிவப்பாகத்தான் சொட்டும்.

சரி, வேறு எதைக் கவனிக்க வேண்டும்? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருப்பது போலவே முட்டுவது. சளியும் இரத்தமுமாகப் போவது. இத்தனை வருடம் காலையில் ஒருமுறை போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நான்கு தடவை ஆவது, அல்லது மூன்று நாள் அடைத்துக்கொண்டு பிறகு பேதியாவது. இது வாரக்கணக்கில் நீடிப்பது. காரணமில்லாமல் எடை குறைவது. இவை இடப்பக்கக் குடலும் மலக்குடலும் பேசுகிற பாஷை. பெருங்குடலின் வலப்பக்கம் வேறு மாதிரி. அங்கே குடல் அகலம், உள்ளே இருப்பதும் நீராக இருக்கும். கட்டி வளர்ந்தாலும் சீக்கிரம் அடைக்காது. இரத்தம் துளித்துளியாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நோயாளிக்குத் தெரிவதெல்லாம் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் ஓய்கிறது என்பதுதான். இரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்பதோடு விட்டுவிடக் கூடாது. அந்த இரும்பு எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும்.

இந்த நோய் எப்படி வருகிறது என்பதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. நம் பெருங்குடல் சுமார் ஐந்தடி நீளம். தோலில் பாலுண்ணி முளைப்பது போல அதன் உள்சுவரில் சிலருக்குச் சின்னச் சின்ன முளைகள் வரும். பாலிப் என்கிறோம். எல்லாம் கெட்டதல்ல. அதில் ஒரு வகை மெல்ல மெல்ல வளர்ந்து, குணம் மாறி, புற்றாகிறது. அதற்குப் பொதுவாகப் பத்து வருடம் பிடிக்கும். பத்து வருடம்! இவ்வளவு தவணை கொடுக்கிற புற்றுநோய்கள் அதிகமில்லை. அந்தத் தவணைக்குள் பாலிப்பைப் பார்த்து முழுதாக எடுத்துவிட்டால் அந்தப் பாலிப் புற்றாக மாறவே முடியாது. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக் குழாயின் வழியாக ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பைக் கழுத்தில் சுருக்கிட்டு மின்சாரத்தால் அறுத்து எடுத்தார்கள். அதுவரை அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. இன்றும் அதே சுருக்கைத்தான் பயன்படுத்துகிறோம், படம் மட்டும் துல்லியமாகிவிட்டது.

கொலோனோஸ்கோப்பி என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சோதனை கஷ்டமில்லை. தூக்க மருந்து கொடுத்துவிடுவோம், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். கஷ்டம் முதல்நாள் இரவுதான். லிட்டர் கணக்கில் பேதி மருந்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டும், இரவெல்லாம் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடக்க வேண்டும். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் பாட்டி விளக்கெண்ணெய் கொடுப்பாரே, அதன் பெரியண்ணன். குடல் சுத்தமாகவில்லை என்றால் உள்ளே ஒன்றும் தெரியாது, மறுபடி அதே இரவு. குடலில் ஓட்டை விழுகிற ஆபத்தும் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

அப்படியானால் எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா? அமெரிக்காவில் 45 வயதிலிருந்தே செய்யச் சொல்கிறார்கள். ஜப்பானில் 1992 முதல் 40 வயது தாண்டியவர்களுக்கு வருடாவருடம் மலப் பரிசோதனை. ஒரு சின்னக் குச்சியால் தொட்டு, குப்பிக்குள் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத மனித இரத்தத்தை மட்டும் அது கண்டுபிடிக்கும். முதல்நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டதால் தவறான முடிவு வராது. இரத்தம் இருந்தால் மட்டும் கொலோனோஸ்கோப்பி. உலகக் கணக்கில் இந்த நோய் மூன்றாம் இடம். 2022-இல் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. இந்தியாவில் அந்த நாடுகளைவிடக் குறைவு. அதனால்தான் நம் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும் சோதனை இருக்கிறது, குடலுக்கு இல்லை. எனக்கு இதில் பெரிய சண்டை கிடையாது. தெருவில் போகிற எல்லோருக்கும் குழாய் விட நம்மிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் அறிகுறி உள்ளவருக்கும் குடும்பத்தில் நோய் உள்ளவருக்கும் செய்யாமல் விடுவதற்கு ஒரு சமாதானமும் சொல்ல முடியாது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், இவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அல்லது அவருக்கு எந்த வயதில் வந்ததோ அதற்குப் பத்து வருடம் முன்னால். எது முதலில் வருகிறதோ அது.

வயது குறைவு என்பதும் இப்போது கவசமில்லை. பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழே இந்த நோய் கூடிக்கொண்டு வருகிறது. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் இறந்தபோது அவருக்கு வயது 43.

குடும்பக் கதைக்கு வருகிறேன். 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவப் பேராசிரியரிடம் ஒரு தையற்காரப் பெண் பேசிக்கொண்டிருந்தார். நான் சீக்கிரம் செத்துப்போவேன், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயில்தான் போகிறார்கள் என்றார். வேறொருவராக இருந்தால் சும்மா பயப்படாதே அம்மா என்று அனுப்பியிருப்பார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் பிறப்பு இறப்புகளை எழுத ஆரம்பித்தார், 1913-இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இதே போன்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். 1990-களில் அதற்கான மரபணுக்கள் கிடைத்தன. செல் பிரியும்போது மரபுச் செய்தியைப் படியெடுப்பதில் வரும் எழுத்துப்பிழைகளைத் திருத்துகிற மரபணுக்கள் அவை. திருத்துபவரே இல்லாவிட்டால் பிழை பெருகும். லிஞ்ச் நோய்க்கூட்டம் என்று இதற்குப் பெயர். குடலையும் கருப்பையையும் சேர்த்துத் தாக்கும்.

அந்தத் தையற்காரப் பெண்ணுக்கு இருந்த தைரியம் நம் வீடுகளில் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டால் வருகிற பதில் "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்". பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வெளியே தெரிந்தால் தட்டிப்போகும். ஓட்டுநரும் அப்படித்தான் சொன்னார். அவர் சோதனைக்கு உள்ளே போன பிறகு அவருடைய மனைவி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்: "எங்க மாமனாரும் இதே மாதிரி ரத்தம் போயித்தான் செத்தாங்க. குடல்புண்ணுன்னு சொன்னாங்க." குடல்புண், வயிற்றுக்கட்டி, சூலை. இந்தச் சொற்களுக்குப் பின்னால் எத்தனை புற்றுநோய்கள் மறைந்து போயிருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்.

உணவைப் பற்றிக் கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-இல், பதப்படுத்திய இறைச்சி இதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொன்னது. தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 விழுக்காடு கூடும். சாசேஜ், சலாமி வகை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்காக நான் யாரையும் மிரட்டுவதில்லை. நான் மிரட்டுவது சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் தொப்பைக்கும் நாள் முழுக்க நாற்காலியில் உட்காருவதற்கும்தான்.

சிகிச்சைக்கு வருவோம். ஓட்டுநரின் கட்டியில் ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் அண்ணன் தடுத்தார். கத்தி பட்டால் பரவிவிடுமாம். நான் பார்த்தவரை அப்படிப் பயந்து தள்ளிப்போட்ட நாட்களில்தான் பரவியிருக்கிறது. சதையில் புற்று உறுதியானது. ஸ்கேனில் ஈரலிலோ நுரையீரலிலோ பரவல் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் கட்டி மலக்குடல் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் முதலில் கத்தியை எடுப்பதில்லை. ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்து, கூடவே கீமோ மாத்திரையும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் அறுவை.

மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. நெறிக்கட்டிகள் அதற்குள்தான் இருக்கும். பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1982-இல் ஒன்றைச் சொன்னார்: அந்த உறை கிழியாமல் மொத்தமாக எடுங்கள், கட்டி அதே இடத்தில் திரும்ப வருவது குறையும். நுங்கைத் தோல் கிழியாமல், நீர் சிந்தாமல் கண்ணிலிருந்து பெயர்த்தெடுப்போமே, அந்த வேலைதான். இடுப்பெலும்புக் குழிக்குள், சிறுநீர்ப்பை நரம்புகளுக்குப் பக்கத்தில் அதைச் செய்ய வேண்டும்.

அவருக்கு அறுவையைவிடப் பெரிய பயம் பை. வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. குடலை இணைத்த இடம் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திருப்பிவிடுவோம். சில மாதத்தில் மூடிவிடலாம். கட்டி ஆசனவாயை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் நிரந்தரப் பை. பையோடு கோயிலுக்குப் போகலாமா, விசேஷ வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம். சரியாக ஒட்டினால் வாடையே வராது. அவர் கேட்டது ஒன்றுதான்: "வண்டி ஓட்டலாமா சார்?" புண் ஆறியதும் ஓட்டலாம் என்றேன். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை அதில் உண்டு; அந்த அட்டையைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு நகையை அடகு வைக்கிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். முன்பு சொன்னேனே, பிழை திருத்தும் மரபணுக் குறை, அதற்கான சோதனையையும் அவருடைய சதையில் செய்தோம். குறை இல்லை. இருந்திருந்தால் வேறு வழியும் யோசித்திருக்கலாம். 2022-இல் நியூயார்க்கில் அந்தக் குறையுள்ள மலக்குடல் கட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தை முடித்த 12 பேருக்கும் கத்தி இல்லாமலே கட்டி மறைந்தது. இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு "அந்த ஊசி போடுங்க" என்று வருகிறவர்கள் உண்டு. மலக்குடல் கட்டிகளில் மிகச் சிறு பங்குதான் அந்த வகை, மருந்தின் விலையும் லட்சங்களில்.

அமெரிக்கக் கணக்குப்படி, குடலுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள். தொலைவில் பரவிய பிறகு வந்தால் ஏழில் ஒருவர். ஈரலில் ஓரிரு இடத்தில் பரவியிருந்தால் அதையும் வெட்டி எடுத்துச் சிலரைக் காப்பாற்ற முடிகிறது.

ஓட்டுநருக்குப் பையை மூடியாயிற்று. இப்போது நாளைக்கு நாலைந்து தடவை போக வேண்டியிருக்கிறது. அதனால் தூரப் பயணத்தை விட்டுவிட்டு நகரப் பேருந்துக்கு மாறிக்கொண்டார். அவருக்கு 41 வயதில் ஒரு தம்பி. ஒரு தொந்தரவும் இல்லை, எனக்கெதுக்கு சோதனை என்று ஆறு மாதம் தப்பித்துக்கொண்டிருந்தவரை அண்ணிதான் இழுத்து வந்தார். பெருங்குடலில் இரண்டு பாலிப். ஒன்று சுண்டைக்காய் அளவு, மற்றது நெல்லிக்காய் அளவு. இரண்டையும் அங்கேயே சுருக்குப் போட்டு எடுத்தோம். பெரியதில் செல்கள் குணம் மாறத் தொடங்கியிருந்தன, புற்று இல்லை. மயக்கம் தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "ராத்திரி பூரா அந்தத் தண்ணியக் குடிச்சது இதுக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேன்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, அண்ணியோடு மாலை ஐந்து மணிப் பேருந்தில் ஊருக்குப் போனார். மூன்று வருடம் கழித்து மறுபடி வர வேண்டும் என்று தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வணக்கம்.