தாயும் பிள்ளையும், மூன்றாம் பத்தியும்

(அரசியலமைப்பு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பெருமைகளைச் சொன்ன பேராசிரியர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, ஜமாஅத் தலைவர் பாய் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா அண்ணாச்சி அவர்களே, மழை வரும் போலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மைக் செட் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டேன். இந்த வருடம் பொன்னாடையும் போர்த்திப் புத்தகமும் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, பெரும்பான்மை மதம், சிறுபான்மை உரிமை, இந்திய அடையாளம். அரை மணி நேரத்துக்கு இது பெரிய மூட்டை. மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று, அரசியல் நிர்ணய சபை என்ன செய்தது. இரண்டு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்த உரிமை தரும் 30ஆவது பிரிவு. மூன்று, இந்தியன் என்று சொல்வதற்கு மதம் அளவுகோலா என்பது.

நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழி கூடவே ஏறும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. 2011 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் இந்துக்கள் 79.8 சதவீதம், முஸ்லிம்கள் 14.2, கிறித்தவர்கள் 2.3. எல்லோரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு பிள்ளைக்குப் பசித்தால் இன்னொரு பிள்ளை சாப்பிட்டுத் தீர்த்துவைக்க முடியாது. சிறுபான்மை உரிமை என்று சட்டம் பேசுவது இந்த வயிற்றைத்தான். சலுகை, தாஜா என்று பெயர் வைப்பவர்கள் இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள்.

சரி, அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். 1949 மே மாதம். மத அடிப்படையில் சட்டமன்ற இடங்களை ஒதுக்கலாமா என்ற கேள்வி. நம்முடைய காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் மதராஸிலிருந்து போனவர். முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிக்கும் தனித் தொகுதி வேண்டும் என்று அவர் வாதாடினார். சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி ஒரு கிறித்தவர். மதச்சார்பற்ற நாடு என்று சொல்லிக்கொண்டு மதத்தின் பேரால் இடம் கேட்கக்கூடாது என்பது அவர் வாதம். சர்தார் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவும் அதைத்தான் பரிந்துரைத்தது. சபை ஏற்றது. காயிதே மில்லத் தோற்றார், ஆனாலும் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. பிற்பாடு இந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பல வருடம் உட்கார்ந்தார். இதைப் பற்றியே ஒரு நாள் பேசலாம். இப்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மதத்தைப் பார்த்து ஒதுக்கீடு கிடையாது என்று 1949இல் முடிவானது.

அப்புறம் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் என் பெரியம்மா வீட்டுக்குப் போய் வருவோம்.

1983. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், பாலிடெக்னிக்கில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். விசாரிக்க ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், வரப்போகிறார் என்று தலையாரி காலையிலேயே காதில் போட்டுவிட்டார். வீட்டில் அம்மாச்சி மட்டும். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட வேளாங்கண்ணி மாதா படம். அம்மாச்சி படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார், போகவில்லை. பரணில் எலித் தொல்லை. கடைசியில் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் மாதாவை வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டார். கோழி கொக்கரித்து ஊரைக் கூட்டியது. ஆணி சும்மா இருக்கக்கூடாதே என்று பக்கத்து வீட்டு முருகன் காலண்டரை வாங்கி மாட்டினார்.

ஆர்.ஐ. வந்தார். அடுப்புப் புகை படிந்து சுவரெல்லாம் கறுப்பு. மாதா படம் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக இருக்கிறது. அதன் நடுவில் சின்னதாக முருகன். அவர் சுவரைப் பார்த்தார், அம்மாச்சியைப் பார்த்தார். "என்ன பாட்டி, காலண்டருக்கும் சுவருக்கும் பொருந்தலையே?" அம்மாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "போன வருசம் பெரிய முருகன் இருந்தாருங்கய்யா."

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அந்த ஆர்.ஐ.யும் சிரித்தாராம். சித்திரை வெயில். மனுஷன் வேர்த்துக் கொட்டி நிற்கிறாரே என்று அம்மாச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "வேண்டாம் பாட்டி, இப்பத்தான் கலர் குடிச்சேன்" என்றார். கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னதற்கும் இல்லை. வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டு போனார். மதம் மாறிய குடும்பம் என்று அறிக்கை போனது. பட்டியல் சாதி இல்லை, பிற்படுத்தப்பட்டோர் என்று சான்றிதழ் வந்தது. அண்ணன் பாலிடெக்னிக் போகவில்லை, செங்கல் சூளைக்குப் போனார்.

செம்பை வாங்காதபோது அந்த அதிகாரிக்கு எங்கள் சாதி தெரிந்திருந்தது. பேனாவைத் திறந்ததும் தெரியாமல் போய்விட்டது. அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் கையில் இருந்த சட்டம் அப்படி. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பெயரில் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாவது பத்தி. இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார். மதத்தைப் பார்த்துக் கொடுக்கமாட்டோம் என்று சபை சொல்லி ஒன்றேகால் வருடம்கூட ஆகவில்லை, மதத்தைப் பார்த்து மறுப்பது வந்துவிட்டது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நல்லது, சேர்க்க வேண்டியதுதான். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. இவ்வளவுக்கும் ஆணைக்கு அடிப்படையான 341ஆவது பிரிவில் மதம் என்ற சொல்லே கிடையாது. பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை இல்லை. அவர் எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் பழங்குடிதான்.

என் மூன்றாவது தலைப்பும் இங்கேயே வந்துவிட்டது பாருங்கள். இந்த மண்ணில் பிறந்த மதம் என்றால் உள்ளே, வெளியிலிருந்து வந்த மதம் என்றால் வெளியே என்று ஒரு கோடு. யார் முழு இந்தியன் என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை, இந்த ஒரு பத்தி சொல்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றேன். இங்கே வயிற்றுக்குச் சோறு போடும் முன் வாய் எந்த ஜெபம் சொல்கிறது என்று கேட்கிறார்கள்.

சாதி இல்லாத மதத்துக்குப் போனவர்களுக்கு எதற்குச் சாதிச் சலுகை என்று கேட்பார்கள். பங்குத்தந்தை மன்னிக்க வேண்டும், நம் கல்லறைத் தோட்டங்களில் சாதி பிரித்துச் சுவர் எழுப்பியவர்களைத்தான் அதைக் கேட்க வேண்டும். சென்னையில் செருப்புத் தைக்கும் கிறித்தவர் ஒருவர், மற்றவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் கொடுமை அதே அளவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று 1985இல் தீர்ப்பு. சரி, நிரூபித்தாயிற்று. ஒன்றிய அரசே அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் கிறித்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர்களுக்காகத் தீர்மானம் போட்டது. 2022இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்துக் காலக்கெடுவை நீட்டிக்கொண்டே போனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை, தனித் தொகுதியில் நிற்க முடியாது. தங்கள் பங்கு குறையுமே என்று இந்து ஆதிதிராவிடத் தோழர்கள் பயப்படுவது நியாயம். ஆட்களைச் சேர்க்கும்போது சதவீதத்தையும் கூட்டு என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். 30ஆவது பிரிவு அப்படியே நிற்கிறது. பங்குத்தந்தை பள்ளிக்கூடத்திலேயே ஒரு நாள் கூடி அதைப் பேசலாம். மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பாய் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தர்மகர்த்தா அண்ணாச்சி இரண்டாவது. பேனா இரண்டுதான் இருக்கிறது, எழுதியவர்கள் ஞாபகமாக மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.