திரும்பப் பெற மறுக்கப்பட்ட பதக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை நீங்கள் பண்பலையில் கேட்டுக்கொண்டிருந்தால், வெளியே இடி இடித்தாலும் மின்னல் வெட்டினாலும் என் குரலுக்கு இடையே பெரிதாகக் கரகரப்பு எதுவும் புகாது. மத்திய அலை வானொலிப் பெட்டியோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். எங்கோ தொலைவில் மின்னல் வெட்டினால் பாட்டின் நடுவே சடசடவென்று ஓசை எழும். பக்கத்து வீட்டில் பழைய மோட்டார் ஒன்று ஓடினாலே செய்தி அறிக்கையில் பாதி காதில் விழாது. அந்த இரைச்சலிலிருந்து நம்மை விடுவித்த மனிதரைப் பற்றி இன்று சற்று விரிவாகவே பேசப்போகிறேன். மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் தலைமைப் பொறுப்பேற்றுச் சாதித்தவர்களை எவ்வாறு சிறப்பிப்பது என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை அவருடைய வாழ்க்கையில்தான் இருக்கிறது.

அதற்கு முன், என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இளம் பொறியாளனாக இருந்தபோது, ஒரு துணை மின்நிலையத்தில் பெரிய மின்மாற்றி ஒன்றின் பராமரிப்பு வேலை முடிந்து, பிரேக்கர் என்னும் பெரிய சுவிட்சைப் போட்டு மீண்டும் மின்சாரம் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. இப்படிப்பட்ட வேலை நடக்கும்போது, தவறுதலாகக் கம்பியில் மின்சாரம் வந்துவிட்டால் ஆட்களுக்கு ஆபத்து நேராமல் இருப்பதற்காக, கம்பிகளைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடுகளை மாட்டி வைப்போம். வேலை முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று பதிவேட்டில் ஆறு என்று எழுதியிருந்தது. தரையில் வரிசையாகக் கிடந்தவை ஐந்து. முந்தைய ஷிஃப்டில் யாரோ ஒன்றை எடுத்துச் சென்றிருப்பார்கள் என்றார் ஒருவர். பதிவேட்டில் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம் என்றார் இன்னொருவர். மின்சாரம் எப்போது வரும் என்று மேலிடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு மேல் அழைப்பாக வந்துகொண்டிருந்தது. பொறுப்பிலிருந்த பொறியாளர், "ஆறாவது ராடை என் கண்ணால் பார்க்கும் வரை பிரேக்கரைப் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தாமே தேடப் போனார். முக்கால் மணி நேரம் தேடினோம். மின்மாற்றிக்குப் பின்புறம், ஒரு தூணின் மறைவில், அந்த ஆறாவது ராடு கம்பியில் மாட்டியபடியே இருந்தது.

அப்போது மின்சாரம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மின்துறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: பெரும் மின்னோட்டம் நேராகத் தரைக்குப் பாய்ந்து அந்த இடம் தீப்பிழம்பாகியிருக்கும், அங்கே எங்களில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். ராடை மறந்தவரை அந்தப் பொறியாளர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நடந்ததை அவர் கையாலேயே பதிவேட்டில் எழுதச் சொன்னார். மறுநாளே ஒவ்வொரு ராடுக்கும் எண் பொறித்து, எந்த எண் எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். மாத இறுதியில், மின்சாரம் கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம் எதுவும் வரவில்லை. அன்று நடக்கவிருந்த விபத்து நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பதிவு செய்ய எங்கள் அலுவலகப் படிவங்களில் இடமும் இருக்கவில்லை.

பிற்காலத்தில் விருதுத் தேர்வுக் குழுக்களில் அமர்ந்து பரிந்துரைக் கடிதங்களைப் படித்தபோதெல்லாம் அந்த ஆறாவது ராடுதான் என் நினைவுக்கு வந்தது. கருவியைக் கண்டுபிடித்தவரை அடையாளம் காண்பது எளிது. அவருக்குக் காப்புரிமை இருக்கும், ஆய்வுக் கட்டுரை இருக்கும். தலைமை தாங்கியவருடைய வேலையோ பிறருடைய வேலைக்குள் கரைந்துபோயிருக்கும். யாரைத் தேர்ந்தெடுத்தார், யார் பக்கம் நின்றார், எந்த நேரத்தில் வேண்டாம் என்று சொன்னார் என்பவற்றையெல்லாம் யாராவது அக்கறையோடு தேடி எழுதினால்தான் வெளியே தெரியவரும். எழுதி வைக்க ஆளில்லாவிட்டால் அந்தச் சாதனை அவரோடு போய்விடும்.

இனி அந்த வானொலி மனிதரிடம் வருகிறேன். அவர் பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். 1890-ல் பிறந்தவர். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1912-ல், அக்கால வானொலிகளில் சமிக்ஞையைப் பெருக்கிய வெற்றிடக் குழாயிலிருந்து வெளிவரும் அலையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே ஊட்டினால், மிக நலிந்த சமிக்ஞையும் பெருகி உரத்துக் கேட்கும் என்பதைக் கண்டார். அதே ஆண்டில்தான் வானொலிப் பொறியாளர் கழகம் என்ற அமைப்பும் அமெரிக்காவில் தோன்றியது. ஐந்து வயதே ஆன அந்தக் கழகம் 1917-ல் மதிப்புப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் முதல் பதக்கத்தை 26 வயதே ஆன ஆம்ஸ்ட்ராங்குக்கு வழங்கியது. வயதையும் பதவியையும் பார்க்காமல் வேலையை மட்டும் பார்த்து எடுத்த முடிவு அது. அதற்காகவே அக்கழகத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

அந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று லீ டி ஃபாரஸ்ட் என்ற மற்றொரு முன்னோடியோடு வழக்கு மூண்டது. ஓராண்டு ஈராண்டல்ல, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த வழக்கு நீதிமன்றம் விட்டு நீதிமன்றம் மாறிக்கொண்டே போயிற்று. 1934 மே மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறுதியாக டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. மின்சுற்று எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நீதிமன்றம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொறியாளர்கள் பலர் கருதினார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் ஆம்ஸ்ட்ராங் தோற்றுவிட்டார்.

அடுத்து நடந்ததை நான் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீர்ப்பு வந்த சில நாட்களில் பிலடெல்ஃபியாவில் வானொலிப் பொறியாளர் கழகத்தின் மாநாடு கூடியது. அந்தக் கண்டுபிடிப்புக்காகத் தமக்கு வழங்கப்பட்ட பதக்கத்தை இனி வைத்திருப்பது முறையாகாது என்று எண்ணிய ஆம்ஸ்ட்ராங், அதைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அங்கே வந்தார். கழகத் தலைவரோ அவரைப் பேசவிடாமல் முந்திக்கொண்டார். கழகத்தின் ஆட்சிக்குழு அந்தப் பதக்கத்தைத் திரும்பப் பெற மறுக்கிறது என்றும், 1917-ல் எந்தக் காரணத்துக்காக அது வழங்கப்பட்டதோ அந்தக் காரணத்தை ஒருமனதாக மீண்டும் உறுதி செய்கிறது என்றும் அவர் அறிவித்தார். மண்டபத்திலிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நேயர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கில் வென்ற பக்கம் பெருநிறுவனங்கள் நிற்கின்றன. வானொலிப் பொறியாளர்களில் பலருக்கு அந்த நிறுவனங்களிலிருந்துதான் சம்பளம் வருகிறது. கழகம் ஒன்றும் சொல்லாமல் பதக்கத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும், ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதைத் தங்கள் தொழிலறிவைக் கொண்டு தாங்களே மதிப்பிட்டோம், அந்த மதிப்பீட்டில் மாற்றமில்லை என்று அவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அன்று பிலடெல்ஃபியாவில் தலைமைப் பண்பைக் காட்டியவர்கள் விருது கொடுத்தவர்கள். விருதை வாங்குபவருடைய தகுதியைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். கொடுப்பவர்களுக்கும் ஒரு தகுதி வேண்டும் என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தது இந்த நிகழ்ச்சியைப் படித்தபோதுதான்.

அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அவர் ஓய்ந்துவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 1933-ல், பண்பலைக்கான காப்புரிமைகளை அவர் பெற்றிருந்தார். 1935 நவம்பரில் அதே கழகத்தின் கூட்டத்தில் அதை இயக்கிக் காட்டினார். மறுமுனையில் ஒருவர் கோப்பையில் தண்ணீர் ஊற்றினார். மண்டபத்தில் அது தண்ணீர் ஊற்றும் ஓசையாகவே கேட்டது. ஒரு தாளைக் கசக்கிக் கிழித்தார். அதுவும் தாள் கிழியும் ஓசையாகவே கேட்டது. அதுவரை வானொலியில் தண்ணீரும் தாளும் வெறும் இரைச்சலாகத்தான் கேட்டுவந்தன. இப்போது என் குரல் உங்களை வந்தடையும் தெளிவு அந்த மண்டபத்தில் தொடங்கியது.

இந்தக் கதைக்கு வருத்தமான மறுபக்கமும் உண்டு. அதே வானொலிப் பொறியாளர் கழகம், தலைமைத் திறனுக்கும் திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் என்றே தன் நிறுவனர்களின் நினைவாக ஒரு பதக்கத்தை 1952-ல் ஏற்படுத்தியது. 1953-ல் அதை முதலில் பெற்றவர், ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க வானொலிப் பெருநிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னாஃப். ஆம்ஸ்ட்ராங்கின் பழைய நண்பர் அவர். அந்த ஆண்டில் பண்பலைக் காப்புரிமை வழக்கில் எதிரே நின்றதும் அவருடைய நிறுவனமே. ஒலிபரப்பையும் தொலைக்காட்சியையும் வீடுதோறும் கொண்டுசேர்த்ததில் சார்னாஃபின் பங்கு மிகப் பெரியது; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1954 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய மனைவி மரியன் அந்த வழக்குகளை விடாமல் நடத்தி, கடைசி வழக்கில் 1967-ல் வென்றார். தலைமைக்கு விருது கொடுக்கும்போது, அந்தத் தலைமையின் கீழும் அதற்கு எதிரிலும் நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு சான்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பெல் ஆய்வகத்தில், 1947 டிசம்பரில், இன்றைய மின்னணுக் கருவிகளின் அடிப்படை உறுப்பான டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்காக 1956-ல் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகப் போர் முடியும் தறுவாயில், இயற்பியலாளரையும் வேதியியலாளரையும் மின்பொறியாளரையும் ஒரே குழுவில் சேர்த்து, அவசரப்படுத்தாமல் வேலை செய்யவிட்டவர், அந்த ஆய்வகத்தை வழிநடத்திய மெர்வின் கெல்லி. பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் சேர்த்த குழு இல்லாமல் அந்தப் பரிசும் இல்லை. ஷாக்லியோ தனியே நிறுவனம் தொடங்கியபோது, அவரிடம் வேலை செய்ய முடியாமல் 1957-ல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறினார்கள். நோபல் பெற்ற மேதை, தாமே தேர்ந்தெடுத்த இளைஞர்களைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. மேதைமை ஒன்று, தலைமை வேறொன்று. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் இரண்டுமே தவறாகத்தான் வரும்.

ஆகவே விருதுக் குழுக்களில் நான் ஓயாமல் மன்றாடுவது பாராட்டு வாசகத்தைப் பற்றித்தான். "இவருடைய சீரிய வழிகாட்டுதலில் நிறுவனம் பெருவளர்ச்சி கண்டது" என்ற வரியை நான் எத்தனை பரிந்துரைக் கடிதங்களில் படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த வரியில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். வானொலிப் பொறியாளர் கழகமும், 1884-ல் தோன்றிய அமெரிக்க மின்பொறியாளர் நிறுவனமும் 1963-ல் இணைந்து உருவான அமைப்பைத்தான் இன்று ஐ.ட்ரிபிள்.ஈ. என்கிறோம். அங்கே வாக்குரிமை பெற்ற உறுப்பினர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு மேல் ஃபெலோ என்னும் உயர் உறுப்பினர் தகுதிக்கு உயர்த்தப்படக் கூடாது என்று விதி இருக்கிறது. அத்தனை அரிதாகக் கிடைக்கும் மதிப்புக்கு, ஆளைச் சுட்டும் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? அவர் எந்த முடிவை எடுத்தார், எப்போது எடுத்தார், எடுக்காமல் விட்டிருந்தால் யார் வேலை நின்றுபோயிருக்கும் என்று எழுதுங்கள் என்பேன். ஆறாவது ராடு கண்ணில் படும் வரை பிரேக்கரைப் போட மறுத்தார் என்று எழுதுங்கள் என்பேன். அந்த ஒரு வரி படிக்கும் இளைஞருக்கு, தாம் நாளை என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கடிகாரம் என்னை நெருக்குகிறது. எடித் கிளார்க்கைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இப்போது ஓடியபடிதான் சொல்ல முடியும். 1919-ல் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பட்டம் வாங்கியும் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. பொறியாளர்களுக்காகக் கையால் கணக்குப் போட்டுத் தரும் பெண்களுக்கு மேற்பார்வையாளராகத்தான் வேலை கொடுத்தார்கள். 1922-ல்தான் பொறியாளர் என்ற பெயரில் வேலை கிடைத்தது. நீண்ட மின்தடங்களில் மின்சாரம் நிலைகுலையாமல் போய்ச் சேர்வது எப்படி என்பதை அன்றாடக் கணக்காக எளிமைப்படுத்தித் தந்தவர் அவர். 1948-ல் அமெரிக்க மின்பொறியாளர் நிறுவனத்தின் முதல் பெண் ஃபெலோ ஆனபோது அவருக்கு வயது 65. ஆம்ஸ்ட்ராங்குக்கு 26 வயதில் கிடைத்த அந்த மதிப்புப் பதக்கம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, மில்ட்ரெட் டிரெசல்ஹாஸுக்கு, வழங்கப்பட்டது 2015-ல். இடைப்பட்ட ஆண்டுகள் 98. அந்த 98 ஆண்டுகளில் யார் யார் பெயர் பரிந்துரைக் கடிதம் வரைக்கும்கூட வரவில்லை என்பதைப் பற்றி இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தால் பேசுகிறேன். நிலையத்தார் கை காட்டிவிட்டார்கள்.

நன்றி, வணக்கம்.