சலவைக்கல் போல மின்னிய சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம். சென்னை ஓமந்தூரார் வளாகத்து ராஜாஜி மண்டபத்தைத் தலைவர்களின் இறுதி அஞ்சலியின்போது தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். அந்த அகலமான படிக்கட்டு, மேலே வரிசைத் தூண்கள்! கிரேக்கக் கோயில் சாயலில் இதை 1802-ல் எழுப்பியவர் வானியலாளரான ஜான் கோல்டிங்காம். 1753-ல் கும்பினியார், அதாவது கிழக்கிந்திய கம்பெனியார், மதீரோஸ் குடும்பத்திடம் வாங்கிய தோட்ட மாளிகைதான் பக்கத்தில் ஆளுநர் மாளிகையாக வளர்ந்தது. அது இன்று இல்லை. அதன் விருந்து மண்டபமாக எழுந்த இந்த ராஜாஜி மண்டபம் நிற்கிறது.

சென்னைத் தோட்ட வீடுகளின் வெள்ளைத் தூண்களைச் சலவைக்கல் என்றே வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். உள்ளே செங்கல், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பு, அவ்வளவுதான். பூச்சு மூன்று கை, அதாவது மூன்று அடுக்கு. முதல் கை, மணலும் சுண்ணாம்பும் வெல்லத் தண்ணீரில் குழைத்து அரை அங்குலம். இரண்டாவது, சலித்த சுண்ணாம்பும் நைஸ் மணலும். மூன்றாவதில்தான் கைவண்ணம். சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெயாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், கொஞ்சம் நெய் சேர்ப்பார்கள். இரண்டாவது கை முழுக்கக் காயுமுன் இதை மெல்லிசாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். ஈரம் வியர்வையாக வெளியே வரும். துணியால் ஒற்றிவிட்டு, மாக்கல் என்ற மென்மையான கல்லின் பொடி தூவி, மறுபடி தேய்க்க வேண்டும். காயும்வரை கை ஓயக் கூடாது. பாதியில் விட்டால் அந்த இடம் மங்கும், மயிரிழை வெடிப்பும் விழும். பொறுமைக்குத்தான் அந்தப் பளபளப்பு.

இனி நான் எங்கே போனாலும் சொல்வதைச் சொல்கிறேன்: சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசாதீர்கள். பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரத்தோடு உப்பு பூத்து, பூச்சு பொருமி, பாளம் பாளமாக விழும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’பென்று வெறுமையாகக் கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அந்த இடத்தை மட்டும் கொத்தியெடுத்து, சுவரை நன்றாக நனைத்து, சுண்ணாம்பாலேயே பூசுங்கள். ஒரு கைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், ஈரச் சாக்கு போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், சிமெண்ட் வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். தோட்டத்தைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆல், அரசு, அத்தி நாற்றுகள் கைப்பிடிச் சுவரில் முளைத்தால் இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் போதாது, வேர் உள்ளே தடித்துச் செங்கல்லைப் பிளக்கும். மழைக்கு முன் மொட்டை மாடியில் மழைநீர் வெளியேறும் தூம்புகளில் சருகை அள்ளிவிடுங்கள். தோட்டத்து மண் அடித்தளத்துக்கு மேல் ஏறாதபடி சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.