மண்பாதைக்கு முன்னால் ஒரு தார்ச்சாலை இருக்கிறது: ஆஃப்ரோடு பயணத்துக்கான டயரும் தயாரிப்பும்

வணக்கம் நண்பர்களே. பைக்கில் ஆஃப்ரோடு பயணத்துக்கு, அதாவது மண்ணிலும் மணலிலும் ஓட்டுவதற்கு, தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த டயரைப் போடலாம் என்பதைத்தான். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பது வழக்கம்: மண்பாதை தொடங்குகிற இடம் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகப் போகிறீர்களா, இல்லை வேறு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்களா? எந்த டயர், எவ்வளவு காற்று, பையில் என்னென்ன கருவிகள், எவ்வளவு சுமை என்ற எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அமையும். ஆகவே இன்றைய பேச்சையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதோ, மேசையின் மேல் இரண்டு பின் டயர்களை வைத்திருக்கிறேன். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். இடப்பக்கம் இருப்பது பட்டன் டயர், அதாவது மேற்பரப்பில் ரப்பர் கட்டிகள் துருத்திக்கொண்டிருக்கும் டயர். ஒவ்வொரு பட்டனும் தனித்து நிற்கிறது, இரண்டு பட்டன்களுக்கு நடுவில் என் விரல் தாராளமாக நுழைகிறது. மண்ணிலும் சேற்றிலும் பிடிப்பைத் தருவது பட்டனின் கூரான விளிம்பும் இந்த இடைவெளியும்தான். விளிம்பு தரையைக் கவ்வுகிறது, இடைவெளியில் அடைந்த சேறு சக்கரம் சுழலும் வேகத்தில் தெறித்து வெளியேறுகிறது. தார்ச்சாலையில் இதே அமைப்பு நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. அங்கே தரையில் படும் ரப்பர் குறைவு. தனித்து நிற்கும் பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் அசைந்து கொடுக்கின்றன, அந்த அசைவினாலேயே சூடேறித் தேய்கின்றன. கனமான வண்டியில் இப்படிப்பட்ட பின் டயர் நெடுஞ்சாலையில் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கூர்மையை இழந்துவிடும். இதோ இந்த நடுவரிசைப் பட்டனைப் பாருங்கள்: உயரம் இன்னும் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் ஒரு பக்க விளிம்பு வழவழவென்று மழுங்கியிருக்கிறது, எதிர்ப்பக்கம் மட்டும் கத்திமுனைபோல் இருக்கிறது. உயரத்தை மட்டும் பார்த்து டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்கிறவர்கள் இந்த விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதில்லை.

வலப்பக்கம் இருப்பது சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது. இவற்றைத் தயாரிப்பாளர்கள் 80/20, 50/50 என்று விகிதம் சொல்லி விற்கிறார்கள். முதல் எண் சாலைக்கு, இரண்டாவது எண் மண்ணுக்கு என்று பெரும்பாலும் கொள்ளலாம். இந்த எண்கள் தயாரிப்பாளர்களே தரும் மதிப்பீடு என்பதால், ஒருவருடைய 50/50 இன்னொருவருடைய 50/50க்குச் சமமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனவே பெயரையும் விகிதத்தையும் விட, பட்டன்களுக்கு இடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதை நேரில் பார்த்து வாங்குவதையே நான் விரும்புகிறேன்.

பல நூறு கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓட்டிப் போய், ஓரிரு நாள் மண்ணில் ஓட்டிவிட்டு, அதே டயரில் திரும்பி வரவேண்டியவராக நீங்கள் இருந்தால், முன்னால் நல்ல பட்டன் டயரும் பின்னால் 50/50 டயரும் போடுவதே என் பரிந்துரை. காரணம் எளிது. மண்ணில் பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் வண்டி வாலை ஆட்டிவிட்டு நேராகிவிடும். முன் சக்கரம் வழுக்கினால் நாம் தரையில் கிடப்போம். இஞ்சினின் இழுவை முழுவதும் பின் டயரின் வழியாகவே போவதால் அது வேகமாகத் தேய்கிறது, முன் டயருக்கு அந்தச் சுமை கிடையாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முன்னால் பட்டன் டயர் இருக்கும்போது ஈரமான தார்ச்சாலையில் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும், ஆகவே முன்னால் போகும் வாகனத்தோடு வழக்கமாக விடும் இடைவெளி போதாது.

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எழுத்துகளையும் வாசிக்கப் பழகுங்கள். இதில் 150/70-18, பிறகு 70 க்யூ என்று இருக்கிறது. அகலம் 150 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, ரிம் 18 அங்குலம். அடுத்து வரும் 70 என்பது சுமைக் குறியீடு. அது 335 கிலோவைக் குறிக்கிறது. க்யூ என்ற எழுத்து அதிகபட்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் என்பதைச் சொல்கிறது. மண்ணுக்கென்றே செய்யப்பட்ட சில டயர்களில் எம் என்ற எழுத்து இருக்கும், அதன் எல்லை 130 கிலோமீட்டர்தான். முதுகிலும் பெட்டியிலும் சுமையோடு நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. கடைசியாக, ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 1524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று, கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து இறுகிப்போன ரப்பரை வாங்கிவிடாதீர்கள்.

இனி டியூப். பெரும்பாலான ஸ்போக் ரிம்களில் ஸ்போக்கின் முனை ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருவதால் காற்று நிற்காது, அதனால் டியூப் கட்டாயம். சில வண்டிகளில் ஸ்போக்கை ரிம்மின் ஓரத்தில் கோத்திருப்பார்கள், அங்கே டியூப்லெஸ் டயர் போடலாம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், சக்கரத்தைக் கழற்றாமலேயே ரப்பர் திரியைச் செருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். டியூப் உள்ள வண்டிக்காரர் அச்சைக் கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்தாக வேண்டும். அந்த வேலையை முதன்முறையாகச் செய்யும் இடம் வெயில் கொளுத்தும் மலைப்பாதையாக இருக்கக் கூடாது. பயணத்துக்கு முந்தைய வாரமே, நீங்கள் எடுத்துப்போகும் அதே லீவர்களையும் (டயரை நெம்பும் கம்பிகள்) அதே பம்பையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். லீவரைத் தொங்கிக்கொண்டு அழுத்தும் அளவுக்குப் பலம் தேவைப்படுகிறது என்றால், எதிர்ப்பக்கத்தில் டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கவில்லை என்று அர்த்தம். முழங்காலால் அதை உள்ளே அழுத்திப் பிடித்தால் லீவர் இலகுவாகத் திரும்பும். புதிய டியூபை உள்ளே வைப்பதற்கு முன் அது உருண்டு நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஊதிக்கொண்டால், லீவர் அதைக் கடிக்கும் வாய்ப்பு குறையும்.

காற்றின் அளவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரே எண்ணைக் கேட்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. சாலையில் உங்கள் கையேடு சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள், கனமான வண்டிகளுக்கு அது பெரும்பாலும் 32 முதல் 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இருக்கும். சரளைப் பாதையில் நான் 26 அல்லது 28க்கு இறக்குவேன். ஆழமான மணலில் 20க்கும் கீழே இறங்குகிறவர்களும் உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படியும் பரப்பு நீளவாக்கில் கூடுகிறது, சிறு கற்களின் மேல் துள்ளாமல் அவற்றை அணைத்துக்கொண்டு போகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, கூரிய பாறையில் மோதினால் ரிம் நெளிவதும், டியூப் பாறைக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கிப் பாம்புக்கடிபோல் இரண்டு துளை விழுவதும்தான். எனவே பாறைகள் நிறைந்த பாதையில் மணலுக்கான அளவோடு போகாதீர்கள். குறைந்த காற்றில் இன்னோர் ஆபத்து, ரிம்மின் மேல் டயரே நகர்ந்து டியூபையும் இழுத்துக்கொண்டு போவது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். வால்வு ரிம்மிலிருந்து நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று ஒவ்வொரு ஓய்விலும் பார்த்தால் போதும். சாய்ந்திருந்தால் அது கிழிவதற்கு முன் காற்றை இறக்கி டயரைப் பின்னுக்கு நகர்த்துங்கள். வால்வின் அடியில் இருக்கும் நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே மூடிக்கு அடியில் ஏற்றிவிட்டால் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும், டியூபுக்கும் கொஞ்சம் நகர இடம் கிடைக்கும்.

வண்டியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தச் சமரசம் எதுவும் தேவையில்லை. இரண்டு பக்கமும் முழுப் பட்டன் டயர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கட்டும் விதத்தில் கவனம் வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். முன் சக்கரத்தை நேராக நிறுத்தி, ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) கீழ்ப்பிடியிலிருந்து இரு பக்கமும் பட்டை போட்டு, சஸ்பென்ஷன் பாதியளவு அமுங்கும் வரை இறுக்கி, பின்னாலும் இரண்டு பட்டைகளைக் கட்டுங்கள். ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிவிட்டால் ஆயில் சீலுக்குச் சுமை. கொஞ்சமும் அமுக்காமல் விட்டால் முதல் வேகத்தடையில் பட்டை தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். கிளம்பிய சிறிது தூரத்திலேயே நிறுத்தி மறுபடியும் இறுக்குங்கள்.

வண்டியின் மற்ற பாகங்களில் இரண்டே இரண்டைச் சொல்கிறேன். முதலாவது சஸ்பென்ஷன். முழுச் சுமையோடு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது பின்பக்கம் அதன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்க வேண்டும். 210 மில்லிமீட்டர் அசைவு உள்ள வண்டி 70 மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை, கூட்டுங்கள். இரண்டாவது செயின். நீண்ட அசைவு உள்ள சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இறுகும் என்பதால், அழகுக்காக விறைப்பாக வைக்கக் கூடாது. கையேட்டில் சொன்ன தளர்ச்சியைக் குறைக்காதீர்கள்.

சுமையைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அலுமினியப் பெட்டிகள் பார்க்க மிடுக்காக இருக்கும், சாலைப் பயணத்துக்கு வசதியும்கூட. ஆனால் மண்ணில் கால் ஊன்றும்போது வண்டி முன்னே நகர்ந்தால் பெட்டி கெண்டைக்காலின் மேல் ஏறும். எனவே மண்பாதைக்குத் துணிப்பைகளே நல்லது. கனமான கருவிகளும் தண்ணீரும் கீழேயும் வண்டியின் நடுப்பகுதிக்கு அருகிலும் இருக்கட்டும். கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பதைத் தவிர உடையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. என்னைப்போல் படம் பிடிக்கிறவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: ஹேண்டில்பாரில் பொருத்திய செல்போனின் கேமரா, இஞ்சினின் தொடர் அதிர்வால் பழுதாகக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் வெளிப்படையாகவே எச்சரித்தது, அதிர்வைத் தணிக்கும் பிடிப்பானை வாங்குங்கள்.

கடைசியாகத் திரும்பும் நேரம். மண்பாதை முடிந்து தார்ச்சாலையைத் தொட்ட இடத்திலேயே வண்டியை நிறுத்திக் காற்றை ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை மண்ணுக்காக அணைத்து வைத்திருந்தால், அதையும் மறக்காமல் இயக்குங்கள். ஓடிச் சூடான டயரில் அளவி கூடுதலாகவே காட்டும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் சுமார் 1.5 பிஎஸ்ஐ மாறும் என்பதால், அப்போது கிடைக்கும் எண்ணை இறுதியாக எடுத்துக்கொள்ளாமல், மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் குளிர்ந்த டயரில் மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள்.