பந்திங்கில் ஒரு கடைசிப் பகல்: விமானம் ஏறுமுன் செய்ய வேண்டியவை

வணக்கம் நேயர்களே.

ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிற உறவுக்காரர்கள், வழியில் இரண்டு மூன்று நாள் மலேசியாவில் இறங்கி, பந்திங், தெலுக் பங்லிமா காராங் பக்கம் நம் வீடுகளில் தங்கிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வந்ததும் கோலாலம்பூர், மறுநாள் பத்துமலை என்று பொழுது ஓடிவிடும். கடைசி நாளில்தான் குழப்பம். விமானம் இரவில் என்பதால் பகல் முழுக்கக் கையில் இருப்பதுபோலத் தோன்றும். "அத்தை, கோலாலம்பூர் போய் மிச்சச் சாமான் வாங்கிட்டு, அப்படியே ஏர்போர்ட் போயிடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பந்திங்கிலிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கே.எல்.ஐ.ஏ.) ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கோலாலம்பூர் நகரம் அதைவிட இரண்டு மடங்கு தூரம். மாலை நெரிசலில் பெட்டிகளோடு அங்கே மாட்டிக்கொண்டால் யாராலும் உதவ முடியாது. கடைசி நாளை நம் ஊரிலேயே கழிப்பதுதான் நல்லது. நம் ஊரில் பார்க்கவும் இருக்கிறது.

முதலில் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். விமானம் இரவு 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அனைத்துலகப் பயணத்துக்குப் பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடத்துக்கு முன் பெட்டி வாங்கும் பதிவு முகப்பை மூடிவிடும். அதாவது 9 மணியோடு சரி. இணையத்திலேயே பதிந்துவிட்டாலும் பெட்டி போடவும் விசாவைக் காட்டவும் வரிசையில் நின்றாக வேண்டும். எனவே 7 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். சாலை காலியாக இருந்தால் முக்கால் மணி நேரம் போதும், ஆனால் தொழிற்சாலை வேலை முடிகிற நேரம், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லாரிகள், மாலை இடிமழை மூன்றும் ஒன்றாகச் சேரும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக்கரையில் பிற்பகலில் மழை பிடிப்பது சகஜம். ஆகவே ஐந்தே முக்காலுக்குள் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். பெட்டி 4 மணிக்குப் பூட்டியாகிவிட வேண்டும். அப்படிப் பார்த்தால், சுற்றிப் பார்க்கக் கிடைப்பது காலை 7 முதல் 12 வரைதான்.

அந்த ஐந்து மணி நேரத்தில் முதல் இடம் செம்பனைத் தோட்டத்துக்கு. ஏழு மணியை ஒட்டித்தான் இங்கே நன்றாக விடியும், வெட்டு வேலையும் அப்போதுதான் தொடங்கும். நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக 1917-இல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமராம் தோட்டத்தில் நடப்பட்டது. தாத்தா பாட்டி காலத்து ரப்பர் பல இடங்களில் போய்விட்டதால், ஊரிலிருந்து வருகிறவர்கள் பால் மரம் தேடி ஏமாறுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்குள் போக அலுவலகத்திலோ காவலரிடமோ அனுமதி கேட்க வேண்டும். சறுக்காத மூடிய காலணி அவசியம். மட்டையின் அடியில் முள் இருக்கும். வரிசைக்கு நடுவே குவித்து வைத்த மட்டைகளுக்குள் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அதன் மேல் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள்.

அங்கே அவர்களுக்கு ஒரு குலையைக் காட்டுங்கள். நல்ல குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். கருஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறிய பழங்கள் முள்ளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மரத்தடியில் உதிரிப் பழம் கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம். வெட்டுகிறவர் மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்ப்பார். நீண்ட கோலின் நுனியில் கட்டிய அரிவாளால் முதலில் மட்டையை அறுப்பார், பிறகு காம்பை. வெட்டிய குலை கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய் நீராவியில் வேக வேண்டும். தாமதித்தால் பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பு ஏற்றிவிடும். லாரிகள் ஏன் நம் சாலையை விடுவதே இல்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

பசியாறிவிட்டு மோரிப் கடற்கரைக்குப் போகலாம். ஆனால் போகுமுன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பாருங்கள். வற்று நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கண்ணுக்கெட்டிய வரை சேறுதான் தெரியும். பெருக்கு வருகிற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் பார்த்த கணக்கு இன்றைக்கு உதவாது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை இறங்கிய கரை இது. வற்று நேரமாக இருந்தால் மோரிப்பை விட்டுவிட்டு ஜுக்ரா பக்கம் திருப்புங்கள். சிலாங்கூர் சுல்தானாக இருந்த அப்துல் சமாட் அடக்கமான இடம் அங்கே இருக்கிறது. கேரித் தீவில் மா மெரி பூர்வகுடி மக்களின் மர முகமூடிச் சிற்பங்களும் பார்க்கத் தக்கவை. ஆனால் மூன்றையும் ஒரே காலையில் செய்யப் பார்க்காதீர்கள்.

இனி பெட்டி. வீட்டில் சண்டை வருவது இதனால்தான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

நம் காற்றின் ஈரத்தில், கடைசி நாள் காலை துவைத்த துணி மாலைக்குள் காயாது. ஈரத்தோடு மடித்தால் எடையும் கூடும், வீடு சேர்வதற்குள் வாடையும் அடிக்கும். முதல் நாள் இரவே பக்கத்து டோபிக் கடையில் போட்டு, துவைத்த கையோடு காயவைக்கிற இயந்திரத்திலும் போட்டு எடுத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை.

அடுத்தது எடை. இரண்டு தனி டிக்கெட் எடுத்திருந்தால், சிட்னியிலிருந்து வரும்போது 30 கிலோ அனுமதித்திருக்கலாம், திருச்சி விமானத்தில் 20தான் வாங்கியிருப்பார்கள். இதைக் கடைசி நாள் முகப்பில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம். முன்கூட்டி இணையத்தில் கூடுதல் எடை வாங்கினால் மலிவு, முகப்பில் வாங்கினால் விலை எகிறும். வீட்டு எடைக்கருவியில் ஒருவர் தனியாக நின்று பார்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி நின்று, கழித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள், வீட்டுக் கருவியும் முகப்புக் கருவியும் ஒத்துப்போவதில்லை. ஒரே பெட்டியில் 32 கிலோவைத் தாண்டினால் தூக்குகிறவர்களின் பாதுகாப்புக்காக வாங்க மறுப்பார்கள், பணம் கட்டினாலும் நடக்காது.

கோடாலித் தைலம், சம்பல், தேன் போன்ற 100 மில்லிக்கு மேற்பட்ட எதுவும் கைப்பையில் வேண்டாம். மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இறுக்கி, புட்டியைத் தனிப் பையில் போட்டு, துணிக்கு நடுவே வையுங்கள். முன்பு வந்த விமான நிலையத்தில் முத்திரையிட்ட பையில் வாங்கிய மதுபானமும் ஊருக்குள் வந்துவிட்டால் அந்தச் சலுகையை இழந்துவிடும், அதையும் பெட்டியில்தான் போட வேண்டும். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு: பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்றால், 3.7 வோல்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க, 74 வாட் மணி. 100 வரை தடையில்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும், அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

கொப்பரை கொடுத்து அனுப்ப நினைக்கிற பெரியம்மாக்கள் கவனிக்க வேண்டும். காய்ந்த கொப்பரையில் எண்ணெய் அதிகம், அடைத்து வைத்தால் தானாகச் சூடேறக்கூடிய பொருள் என்பதால் விமானங்களுக்கான ஆபத்துப் பொருள் பட்டியலில் இருக்கிறது. டுரியானை வாடை காரணமாகப் பயணிகள் அறைக்குள் ஏற்றமாட்டார்கள். மரக்கன்று, விதை, பழம் இவற்றை இந்தியாவுக்குள் கொண்டுபோகத் தாவர நோய்த்தடுப்பு விதிகள் உண்டு, சான்றிதழ் இல்லாமல் போனால் பறிமுதல்தான். ரம்புத்தானை இங்கேயே வயிறார உண்ண வையுங்கள். கொடுத்தனுப்ப பிஸ்கட், வெள்ளைக் கோப்பித் தூள், முறுக்கு போதும்.

ஆஸ்திரேலியக் கடப்பிதழ் உள்ளவர்களிடம் இந்திய விசாவோ ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையோ இருக்கிறதா என்று வீட்டிலேயே கேளுங்கள். நம்மூரில் பிறந்த பிள்ளை, பூர்வீகம் தமிழ்நாடு என்றெல்லாம் முகப்பில் சொல்லிப் பயனில்லை.

காரில் ஏறுமுன் டிக்கெட்டில் முனையம் 1-ஆ, 2-ஆ என்று வாய்விட்டுப் படியுங்கள். ஏர் ஏசியா 2-இலிருந்து போகிறது, மலேசியா ஏர்லைன்ஸ் 1-இலிருந்து. மாறி இறங்கினாலும் பதற வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ரயிலில் மூன்றே நிமிடம். ஆனால் பெட்டியோடு மேடை தேடி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி நடந்தால் அரை மணி போய்விடும். இரண்டாம் முனையத்தில் சோதனை முடிந்த பிறகும் நீண்ட நடை இருக்கிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியை விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டு வையுங்கள்.

வழியனுப்பிவிட்டு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. நம் பக்கம் டெங்கி உண்டு. கொசு கடித்த 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரலாம், அதற்குள் அவர்கள் ஊரில் இருப்பார்கள். இரண்டு வாரம் வரை அவ்வப்போது அழைத்து விசாரியுங்கள். காய்ச்சல் என்றால் மலேசியாவில் இருந்து வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போட வேண்டாம், ரத்தக்கசிவை அவை கூட்டும். பாரசிட்டமால் மட்டும் போடலாம், தண்ணீரை நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.