மால் வாடகையும் ஓட்டல் அறையும்

தர்மபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சனி, ஞாயிறு வந்தால் ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூர் மால்களுக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஏராளம். கோரமங்களாவில் முன்பு ஃபோரம் என்று இருந்ததே, இப்போது நெக்ஸஸ் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள், அந்த மாலில் சுற்றாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. அங்கே கடைக்காரர்கள் கட்டும் வாடகையில் சாதாரண மனிதர்களும் பங்கு வாங்குகிறார்கள். பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் கட்டடங்களை வைத்திருந்து, வருமானத்தை அவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளைக்கு ரீட் (REIT) என்று பெயர். நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற ரீட் 2023 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. மால்களை மையமாக வைத்த முதல் இந்திய ரீட் அது. ரீட்டில் ஒரு பங்கை யூனிட் என்பார்கள், வெளியீட்டு விலை யூனிட்டுக்கு 100 ரூபாய். அப்போது 14 நகரங்களில் 17 மால்கள் அதன் கையில் இருந்தன. சென்னை வடபழனி விஜயா மாலும் அதில் ஒன்று. போதாததற்கு, சண்டிகரில் ஒன்றும் ஒயிட்ஃபீல்டில் ஒன்றுமாக இரண்டு ஓட்டல்கள்.

ரீட்டுக்கான விதிகளை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2014இல் கொண்டுவந்தது. நாட்டின் முதல் ரீட்டான எம்பசி, ஆபீஸ் கட்டடங்களை வைத்து 2019இல்தான் வந்தது. சொத்து மதிப்பில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து, வருமானம் ஈட்டும் கட்டடமாக இருக்க வேண்டும். பங்கிடத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு இருந்தால் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். வாங்கும் முறை அவ்வளவுதான், அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரம் செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில். ஆபீஸ், மால், ஓட்டல் மூன்றையும் "கட்டடம், வாடகை" என்று ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒப்பந்தம் மூன்றுக்கும் வேறு வேறு. மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பூ விட்டதுமே வியாபாரிக்குக் குத்தகை பேசிவிட்டால், காற்றடித்துக் காய் கொட்டினாலும் கவலை அவருடையது. நாமே பறித்து மண்டிக்கு ஏற்றினால், விலை ஏறினாலும் நமக்கு, விழுந்தாலும் நமக்கு. ஆபீஸ் கட்டடம் முதல் வகை, ஓட்டல் இரண்டாவது, மால் நடுவில் நிற்கிறது.

மாலில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு கணக்கு இருக்கும். மாதம் குறைந்தபட்ச வாடகை 3 லட்சம், இல்லையென்றால் விற்பனையில் 10 சதவீதம், எது அதிகமோ அது. இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. தீபாவளி மாதம் 50 லட்சத்துக்கு விற்றால் வாடகை 5 லட்சம். அடுத்த மாதம் 22 லட்சம்தான் விற்றது என்றால் 10 சதவீதம் 2.2 லட்சம்தான் வருகிறது. ஆனாலும் கடைக்காரர் 3 லட்சம் கட்ட வேண்டும். லிஃப்ட், ஏ.சி., காவலாளி, துப்புரவு எல்லாவற்றுக்கும் பராமரிப்புக் கட்டணம் தனி. ஆகவே மால் ரீட்டின் அறிக்கையில் நான் முதலில் தேடுவது கடைகளின் விற்பனை எப்படிப் போகிறது என்பதைத்தான். கடை ஓடினால்தான் வாடகை ஓடும். அந்தக் குறைந்தபட்ச வாடகையும் கல்வெட்டு இல்லை. 2020இல் மால்களை இழுத்து மூடியபோது பல இடங்களில் வாடகையைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அமெரிக்காவில் மால்களை வைத்திருந்த சிபிஎல் என்ற ரீட் அதே ஆண்டு நவம்பரில் திவால் மனுவே போட்டது.

ஓட்டல் இன்னும் கடினம். ஆபீஸ் ஒப்பந்தம் பல வருடத்துக்கு. ஓட்டல் அறைக்கு ஒப்பந்தம் ஒரே ராத்திரிதான். 250 அறையில் இன்று 100 காலியாகக் கிடந்தால் அந்த வருமானம் போனது போனதுதான், நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது. சமையல்காரர் சம்பளமும் கரண்ட் பில்லும் மட்டும் நிற்காது. அதனால்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய ஓட்டல் ரீட்டான ஹோஸ்ட் ஓட்டல்ஸ்கூட 2020இல் டிவிடெண்டை, அதாவது முதலீட்டாளர்களுக்குத் தரும் லாபப் பங்கை, நிறுத்தி வைத்தது. எம்பசி ரீட்டிடமும் பெங்களூரில் ஹில்டன், ஃபோர் சீசன்ஸ் போன்ற ஓட்டல்கள் உண்டு. தொற்றுக் காலத்தில் அவை காற்று வாங்கின. ஆபீஸ் வாடகை தவறாமல் வந்ததால் யூனிட்காரர்களுக்குப் பணம் போவது நிற்கவில்லை. மறுபக்கமும் உண்டு: கிராக்கி ஏறினால் ஓட்டல் அன்றைக்கே அறை வாடகையை உயர்த்தும், ஆபீஸ்காரர் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகை முழுவதும் லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். அதில் வட்டி ஒரு பங்கு, டிவிடெண்ட் ஒரு பங்கு, கடன் திருப்பம் (ரீட் தன் துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனின் அசல் திரும்பி வருவது) என்று ஒரு பங்கு இருக்கும். மூன்றாவது பங்கு நீங்கள் வாங்கிய விலையில் கழியும். விற்கும் நாளில் அதையும் சேர்த்துத்தான் வரிக் கணக்கு. ஒவ்வொரு முறையும் பிரித்துக் காட்டும் விவரத்தை அனுப்புகிறார்கள். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "எஃப்.டி. மாதிரி" என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். யூனிட் விலை சந்தையில் தினமும் ஏறி இறங்கும், எஃப்.டி. அப்படி இல்லையே.

நம் ஊர்ப் பணம் வழக்கமாக ஓசூர் சுற்றுவட்டார மனைக்குத்தான் போகும். மனையை நான் குறை சொல்ல மாட்டேன். விற்கும் வரை அதில் ஒரு பைசா வராது, வேலியும் வில்லங்கமும் நாம்தான் பார்க்க வேண்டும். ரீட்டில் பட்டா நம் பெயரில் இருக்காது, பணம் அவ்வப்போது வரும், சந்தை திறந்திருக்கும் நாளில் விற்றுவிடலாம். மகள் கல்யாணத்துக்கு இடம் வாங்கிப் போடுபவரும், ஓய்வூதியத்துக்கு மேல் கொஞ்சம் வருமானம் தேடுபவரும் ஒரே பொருளை வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக, நேயர்கள் அடிக்கடி கேட்பது: நம் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல், ஓசூர்க் கடைவளாகம் இதெல்லாம் ரீட்டுக்குள் வருமா? வழக்கமான ரீட்டுக்குக் குறைந்தது 500 கோடி ரூபாய் சொத்து வேண்டும். அதற்குக் கீழே, 50 கோடியிலிருந்து தொடங்கும் சிறு ரீட்டுக்கு செபி 2024இல் வழிவிட்டது. அதில் ஒருவர் குறைந்தது 10 லட்சம் போட வேண்டும், அந்தத் திட்டத்தில் ஒரே ஒரு கட்டடம்கூட இருக்கலாம். அது ஆபீஸாக இருந்து, நல்ல வாடகைதாரர் நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தால் நான் யோசிப்பேன். ஒற்றை ஓட்டலாக இருந்தால் என் 10 லட்சம் அங்கே போகாது. யார் வந்து ரீட்டுக்குப் பணம் கேட்டாலும் செபி இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவருக்கு நாற்காலி போடுங்கள்.

நன்றி, வணக்கம்.