வீட்டுக்கு 5 கிலோவாட்: எக் தீவின் கரண்டுக் கணக்கு

[காட்சி: கடல் நடுவே கறுத்த பாறை முகடு. படகு ஒன்று கரையை நெருங்குகிறது.]

வணக்கம். இந்தத் தீவின் பெயர் எக். ஆங்கிலத்தில் முட்டையைச் சொல்வோமே, அதே உச்சரிப்புதான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர், அகலம் 5. மொத்தமே நூறு பேர் அளவில்தான் வாழ்கிறார்கள்.

2008 பிப்ரவரி வரை இங்கே பொது மின்சாரம் கிடையாது. பெரும்பாலும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். டீசல் கப்பலில் வரவேண்டும், கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும் என்றால், ஜெனரேட்டரும் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் கடை வாசலில் ஜெனரேட்டர் வைத்து வியாபாரம் செய்தவர்களுக்கு அந்தச் சத்தமும் புகையும் நினைவிருக்கும். எக் மக்களுக்கு அது தினசரி வாழ்க்கை. கடலடியில் கேபிள் போட்டுக் கரண்டு கொண்டுவரலாம்தான். ஆனால் இத்தனை குறைவான வீடுகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

சரி, எப்படி மாறினார்கள்? நான் சோலார் தகட்டிலிருந்து கதையைத் தொடங்கப் போவதில்லை. 1997-லிருந்து தொடங்குகிறேன்.

[காட்சி: பழைய பண்ணை வீடுகள், கல் மதில்கள்.]

அதுவரை தீவு முழுவதும் ஒரே முதலாளியின் சொத்து. ஆள் மாறுவார், நிலைமை மாறாது. குடியிருப்பவருக்கு நிலம் நிலைக்கும் என்ற உறுதி இல்லாதபோது, வீட்டைப் பழுது பார்க்கக்கூட யோசிப்பார். மக்கள்தொகை 65 அளவுக்குச் சுருங்கியிருந்தது. தீவு விலைக்கு வந்தபோது, அங்கே வாழ்ந்தவர்கள் சேர்ந்து நன்கொடை திரட்டினார்கள். சுமார் 15 லட்சம் பவுண்டு கொடுத்து, 1997 ஜூன் 12 அன்று ஓர் அறக்கட்டளையின் பெயரில் தீவை வாங்கினார்கள். காற்றாலையை எங்கே நடுவது, கேபிளுக்குப் பள்ளம் எந்த வழியாக வெட்டுவது, மீட்டரில் என்ன விலை வைப்பது என்பதையெல்லாம் தாங்களே முடிவு செய்ய முடிந்தது அதனால்தான். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவே.

அப்புறம்தான் கருவிகள். ஓடைத் தண்ணீரில் ஓடும் 100 கிலோவாட் நீர்மின் நிலையம் ஒன்று, அதோடு சிறியவை இரண்டு. ஆன் ஸ்கூர் என்ற அந்தக் கறுத்த முகட்டின் அடியில் நான்கு காற்றாலைகள், ஒவ்வொன்றும் 6 கிலோவாட். சோலார் முதலில் 10 கிலோவாட், பிறகு 50 ஆக வளர்ந்தது. மூன்றையும் இணைக்கக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் பகல் சுருங்கிவிடும், சோலார் படுத்துவிடும். அப்போது மழையும் காற்றும் வலுக்கும். கோடையில் ஓடை மெலியும், பகலோ நீண்டு கிடக்கும். ஒன்று கைவிடும் காலத்தில் மற்றொன்று தாங்கும். நடுவில் ஒரு பேட்டரி அறை, கூடவே ஆபத்துக்கு உதவ இரண்டு டீசல் ஜெனரேட்டர். பேட்டரி இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கும். மொத்தச் செலவு சுமார் 16 லட்சம் பவுண்டு. பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றிய நிதியும் பிரிட்டனின் லாட்டரி நிதியும். இணைப்புக் கட்டணமாகத் தீவு மக்களும் கைப்பணம் போட்டார்கள்.

இப்போது அந்த 5 கிலோவாட் விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து இறங்கும் பல குழாய்கள்.]

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பது யூனிட். குழாய் எவ்வளவு பருமன் என்பது கிலோவாட். எக் தீவில் யூனிட்டுக்கு வரம்பு வைக்கவில்லை, குழாய்க்கு வைத்தார்கள். ஒரு வீடு எந்த நேரத்திலும் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. தொழில் நடத்தும் இடமென்றால் 10. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 3 கிலோவாட், துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைச் சூடாக்கும்போது 2 கிலோவாட். இரண்டும் ஓடினால் வரம்பு முடிந்தது, அடுப்பு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பிரிட்டன் குளியலறைகளில் 8, 9 கிலோவாட் இழுக்கும் மின்சார ஷவர் சாதாரணம், இங்கே அதற்கு வழியில்லை. வரம்பை மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும். தீவின் பராமரிப்பு ஆள் வந்து மீண்டும் போட்டுவிடுவார், அதற்குக் கட்டணம் உண்டு. எவ்வளவு இழுக்கிறோம் என்று காட்டும் சிறிய திரையை வீடுகளில் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? கணக்குப் போட்டுப் பாருங்கள். தீவின் எல்லா ஆலைகளும் முழு வேகத்தில் ஓடினாலும் 180 கிலோவாட்டுக்குச் சற்று மேல்தான். வீட்டுக்கு 12 கிலோவாட் என்று 40 வீடுகள் ஒரே சாயங்காலத்தில் இழுத்தால் 480 வேண்டும். அதற்கு ஆலைகளையும் பேட்டரியையும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டியிருந்திருக்கும். ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஒரு விதி அந்தச் செலவை இல்லாமல் ஆக்கியது. ஏரிப் பாசனத்தில் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டி என்பவர் முறை வைத்து மடை திறந்தாரே, அதே அறிவுதான் இது.

2010-இல் மழையும் காற்றும் ஏமாற்றிய வாரங்கள் வந்தன. கரண்டைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தது, ஜெனரேட்டர் வழக்கத்தைவிட அதிகம் ஓடியது. அதை மறைக்க வேண்டியதில்லை. பொதுவாகப் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரம் தண்ணீர், காற்று, வெயிலிலிருந்தே வருகிறது. பராமரிப்பதும் பயிற்சி பெற்ற தீவுக்காரர்களே. நடுக்கடலில் ஒரு ஃப்யூஸ் போனதற்கு வெளியிலிருந்து பொறியாளர் வரும்வரை காத்திருக்க முடியுமா?

தொடக்க ஆண்டுகளில் ஒரு யூனிட் விலை ஸ்காட்லாந்து நிலப்பகுதியைவிட அதிகமாக இருந்தது. சொந்த ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியதோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு.

டீசல் தீவை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. வண்டிகள் இருக்கின்றன, கப்பல் இருக்கிறது. வீட்டைச் சூடாக்க விறகும் எண்ணெயும் எரிவாயுவும் இன்னும் தேவைப்படுகின்றன, ஏனென்றால் 5 கிலோவாட்டில் ஒரு வீடு முழுவதையும் ஹீட்டர் வைத்துச் சூடாக்கிவிட்டுச் சமைக்கவும் முடியாது. அந்த வரம்பின் விலை இது.

[காட்சி: இரவு. ஜன்னலில் மழை. சமூகக் கூடத்தில் விளக்கு.]

ஆனால் காற்றும் மழையும் வெளுத்து வாங்கும் ராத்திரிகளில் பேட்டரி நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் கரண்டை எங்கே வைப்பது? அது தானாகவே ஊர்ப் பொதுக்கூடத்திலும் தேவாலயத்திலும் உள்ள ஹீட்டர்களுக்குப் போகிறது. வெளியே புயல் அடிக்க அடிக்க, உள்ளே கூடம் கதகதப்பாகிறது. அந்தச் சூட்டுக்கு யாரும் பில் கட்ட வேண்டியதில்லை.